சவுக்குக்காரியின் மகள்

பிள்ளைகளே, 'ஹண்டர்' என்றால் என்ன பொருள்? ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'வேட்டைக்காரர்' என்று போட்டிருக்கும். ஆனால் இந்தி பேசுகிறவர்களைக் கேட்டால் 'சவுக்கு' என்பார்கள்! நீளமான தோல் சாட்டைக்கு இந்தியில் அந்தப் பெயர். ஆகவே 'ஹண்டர்வாலி' என்றால் வேட்டைக்காரி அல்ல, சவுக்குக்காரி.

1935-ஆம் ஆண்டு பம்பாயில் (இன்றைய மும்பை) 'ஹண்டர்வாலி' என்று ஒரு படம் வெளியானது. நம் நாட்டில் சினிமா பேச ஆரம்பித்தே நான்கு வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கதையில் ஒரு கெட்ட மந்திரி ராஜாவைச் சிறைப்பிடித்துவிடுவான். ராஜாவின் மகள் மாதுரி என்ன செய்தாள் தெரியுமா? மூலையில் உட்கார்ந்து அழவில்லை. யாராவது ராஜகுமாரன் வருவான் என்று காத்திருக்கவும் இல்லை. முகமூடி மாட்டிக்கொண்டாள், குதிரை மேல் ஏறினாள், கையில் சவுக்கை எடுத்தாள்! கெட்டவர்களைப் புரட்டி எடுத்து ஏழைகளுக்கு உதவினாள்.

படத்தை எடுத்தவர்கள் ஜே.பி.எச். வாடியா, ஹோமி வாடியா என்ற பார்சி சகோதரர்கள். 'வாடியா' என்பது கப்பல் கட்டுவதில் புகழ்பெற்ற குடும்பத்தின் பெயர். எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்!

படம் தயாரானதும் ஒரு சிக்கல். வாங்கி வெளியிட ஆள் இல்லை. ஒரு பெண் ஆண்களைத் தூக்கி எறிகிறாள், அதைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் பின்வாங்கிவிட்டார்கள். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்! சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மன் எட்டுத் திக்கும் போருக்குப் புறப்படும் 'திக்கு விஜயம்' நடக்கிற ஊர் அல்லவா இது? அதற்கு மறுநாள்தானே திருக்கல்யாணம்!

கடைசியில் வாடியா சகோதரர்கள் துணிந்து தாங்களே ஏற்பாடு செய்து படத்தை வெளியிட்டார்கள். பம்பாயில் அது இருபத்தைந்து வாரங்களுக்கு மேல் ஓடியது. கடைகளில் 'ஹண்டர்வாலி' சவுக்கு, 'ஹண்டர்வாலி' பெல்ட், 'ஹண்டர்வாலி' தீப்பெட்டி எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டன. படம் எடுத்தவர்களைக் கேட்காமலேயே வியாபாரிகள் இதையெல்லாம் செய்து விற்றார்கள். இன்று உங்கள் பென்சில் டப்பாவிலும் புத்தகப் பையிலும் சினிமா பொம்மைகள் இருக்கின்றன அல்லவா? அதற்கெல்லாம் அண்ணன் இந்தத் தீப்பெட்டி!

யார் இந்த நாடியா?

சவுக்குக்காரியாக நடித்தவரின் பெயர் நாடியா. பெற்றோர் வைத்த பெயர் மேரி ஆன் எவான்ஸ். 1908 ஜனவரி 8 அன்று ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகரில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்தவர். அம்மா கிரேக்க வழியைச் சேர்ந்தவர். அப்பாவின் வேலை காரணமாகச் சின்ன வயதிலேயே மேரி இந்தியா வந்தார். முதல் உலகப் போரில் அப்பா இறந்துபோனார். பிறகு வடமேற்கு எல்லையில் இருக்கும் பெஷாவருக்குப் போய் வாழ்ந்தார்கள். குதிரைச் சவாரியும் துப்பாக்கி சுடுவதும் அங்கேதான் மேரிக்குப் பழக்கமாயின.

பம்பாய்க்குத் திரும்பியபின் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். 'பாலே' என்ற ஐரோப்பிய நடனம் கற்றார். நடனக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். சிறிது காலம் சர்க்கஸிலும் இருந்தார். ஒரு ஜோசியக்காரர் 'ந' வரிசையில் தொடங்கும் பெயர் வைத்துக்கொண்டால் நல்லது என்று சொல்ல, மேரி நாடியா ஆனார். ஜோசியம் பலித்ததோ இல்லையோ, பெயர் நன்றாக அமைந்துவிட்டது.

வாடியா சகோதரர்களிடம் அவர் வேலை கேட்டுப் போனபோது, 'நந்தாதேவி' என்று பெயரை மாற்றிக்கொண்டு கறுப்புச் சடைமுடி வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார்களாம். மஞ்சள் முடியும் நீலக் கண்ணுமாக இருந்த நாடியா மறுத்துவிட்டார். நாடியா என்ற பெயர் வாடியாவோடு நன்றாகத்தானே பொருந்துகிறது என்றாராம். நாடியா, வாடியா! இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதற்கு என்ன பெயர்? எதுகை! தமிழ் இலக்கணம் தெரியாமலேயே சரியாகப் பிடித்துவிட்டார் பாருங்கள்.

அவருக்கு இந்தி வசனம் அவ்வளவு சரளமாக வராது. அதனாலென்ன? குதிரை மேல் இருந்து கையை உயர்த்தி நீளமாக ஒரு 'ஹேய்' போடுவார். அதுதான் அவருடைய வசனம்! புகழ்பெற்ற நாடக ஆசிரியரும் நடிகருமான கிரீஷ் கர்னாட், தன் பிள்ளைப் பருவத்தில் கேட்டவற்றுள் மறக்கவே முடியாத சத்தம் அந்தக் கூவல்தான் என்று எழுதியிருக்கிறார்.

இன்றைக்குச் சண்டைக்காட்சியில் நடிகர்களுக்குக் கயிறு கட்டுவார்கள், கீழே மெத்தை போடுவார்கள், கஷ்டமான இடத்தில் 'டூப்' போட்டு எடுப்பார்கள். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அன்று இதெல்லாம் ஏது? நாடியா தன் சண்டைகளைத் தானே போட்டார். 'மிஸ் ஃபிராண்டியர் மெயில்' (1936) படத்தில் ரயில் பெட்டியின் கூரை மேல் நின்று சண்டை போடுவார். ஆளைத் தலைக்கு மேல் தூக்குவார். 'ஜங்கிள் பிரின்சஸ்' (1942) படத்தில் நிஜச் சிங்கங்களோடு நடித்தார். 'பயமறியாத நாடியா' என்று மக்கள் சும்மா பட்டம் கொடுக்கவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏற வேண்டாம். நாடியா சிறு வயதிலிருந்தே உடம்பைப் பழக்கியவர்.)

இரண்டாம் பாகம் வந்தது!

இப்போது 'சிங்கம்' என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துவிட்டது. 'விஸ்வரூபம்' இரண்டு வந்தது. முதல் படம் ஓடினால் அடுத்த பாகம் எடுக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி எடுக்கப்பட்ட மிகப் பழைய படங்களில் ஒன்று எது தெரியுமா? சவுக்குக்காரி கதைதான்!

1940-களின் தொடக்கத்தில் அண்ணன் ஜே.பி.எச். வாடியாவுக்குச் சாகசப் படம் போதும் என்று தோன்றிவிட்டது. நாட்டியம், இலக்கியம் என்று உயர்ந்த விஷயங்களைப் படமாக்க ஆசைப்பட்டு 'ராஜ நர்த்தகி' (1941) எடுத்தார். தம்பி ஹோமிக்குச் சண்டைப் படத்தின் மீதுதான் பிரியம். அவர் பிரிந்துபோய் 'பசந்த் பிக்சர்ஸ்' என்று தனிக் கம்பெனி தொடங்கினார். கையில் காசு அதிகம் இல்லை. சீக்கிரமாக ஒரு வெற்றி வேண்டும். ஜனங்கள் எதை மறக்காமல் இருக்கிறார்கள் என்று யோசித்தார். 1943-ல் 'ஹண்டர்வாலி கீ பேட்டி' வெளிவந்தது. அதாவது, சவுக்குக்காரியின் மகள்! அதிலும் கதாநாயகி நாடியாதான். படம் நன்றாக ஓடியது, புதுக் கம்பெனியும் நிமிர்ந்துவிட்டது.

அந்தத் தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள். 'சவுக்குக்காரியின் மகன்' என்று வைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அம்மாவின் சவுக்கு மகள் கைக்குப் போனது. நான் இவ்வளவு தூரம் கதை சொன்னதே இதற்காகத்தான். முதல் படத்தில் ஒரு பெண் வீராங்கனையாக வருவது ஒரு அதிசயம் என்றால், இரண்டாவது படத்திலும் அவள் வீராங்கனையாகவே இருப்பது அதைவிடப் பெரிய அதிசயம். ஏனென்று கேட்டால், சீனப் படம் ஒன்றைச் சொல்கிறேன்.

பெயர் அவளுக்கு, கதை அவனுக்கு!

தகைவிலான் குருவியைப் பார்த்திருப்பீர்கள். கண்மாய்த் தண்ணீரை ஒட்டி விர்ரென்று பறக்குமே, அதுதான். 1966-ல் ஹாங்காங்கில் வெளியான 'கம் டிரிங்க் வித் மீ' என்ற வாள்சண்டைப் படத்தின் கதாநாயகிக்குப் பட்டப்பெயர் 'தங்கத் தகைவிலான்'. கொள்ளைக்காரர்களிடம் அகப்பட்ட தன் அண்ணனை மீட்க, ஆண் வேடத்தில் அவள் தனியாகப் புறப்படுவாள். வழியில் ஒரு சத்திரம். சுற்றிலும் கொள்ளையர் கூட்டம். அவர்கள் சீண்டச் சீண்ட, அவள் துளிக்கூடப் பதறாமல் சமாளிப்பாள். சத்தம் போடுவது அவர்கள், அமைதியாக இருப்பது அவள். கடைசியில் ஓடுவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அதில் நடித்தவர் செங் பெய்பெய். அப்போது அவருக்கு இருபது வயதுதான். படம் பெரிய வெற்றி. உடனே 1968-ல் இரண்டாம் பாகம் வந்தது. படத்தின் பெயரே 'தங்கத் தகைவிலான்'! அடடா, முழுக்க முழுக்க அவள் கதை என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. இயக்குநர் மாறிவிட்டார். புதியவர் சாங் சேவுக்கு ஆண் வீரர்களின் கதைகள்தான் பிடிக்கும். அந்தப் படத்தில் ஒரு வாள்வீரன் வருகிறான். ஊரெல்லாம் கெட்டவர்களைக் கொன்றுவிட்டு, அந்த இடத்தில் தங்கத் தகைவிலானின் அடையாளச் சின்னத்தைப் போட்டுவிட்டுப் போகிறான், அவளை வெளியே வரவழைப்பதற்காக! சண்டையும் அவனுக்கு, சோகமும் அவனுக்கு, முடிவும் அவனுக்கு. போஸ்டரில் பெயர் மட்டும் அவளுக்கு. எனக்கு அந்த இரண்டாம் பாகத்தின் மீது இன்னும் கோபம் உண்டு. வாள்சண்டை என்னவோ பிரமாதம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. ஜாக்கி சானைத் தெரியாத பிள்ளை உண்டா? அவருடைய 'போலீஸ் ஸ்டோரி 3' (1992) படத்தில் சீனப் பெண் போலீஸ் அதிகாரியாக மிஷல் இயோ வருவார். படத்தின் கடைசியில் அவர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, ஓடுகிற ரயில் மேல் இறங்குவார். இத்தனைக்கும் அந்தப் படத்துக்கு முன்பு அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாது, அதற்காகத்தான் கற்றுக்கொண்டார்! பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த ஆண்டே, 1993-ல், அந்தப் பெண் அதிகாரியையே முக்கியப் பாத்திரமாக வைத்து 'பிராஜெக்ட் எஸ்' என்ற படம் வந்தது. அதில் ஜாக்கி சான் சும்மா ஒரு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போவார். முதல் படத்தில் துணைக்கு வந்தவர் அடுத்ததில் தலைவியாகிவிட்டார்.

மிஷல் இயோ மலேசியாவில் ஈப்போ நகரத்தில் 1962-ல் பிறந்தவர். நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது. 2000-ஆம் ஆண்டில் வந்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படப்பிடிப்பில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து நடித்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2016-ல், அதன் இரண்டாம் பாகம் வந்தபோது முதல் படத்தின் முக்கிய நடிகர்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். அப்போது வயது 53! 2023-ல் வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதையும் வாங்கினார்.

ஆடத் தெரிந்தால் அடிக்கத் தெரியுமா?

ஒரு விஷயம் கவனித்தீர்களா? நாடியா பாலே கற்றவர். செங் பெய்பெய்யும் நடனம் கற்றவர், அதனால்தான் இயக்குநர் கிங் ஹூ அவரைத் தேர்ந்தெடுத்தார். மிஷல் இயோ நான்கு வயதில் பாலே தொடங்கி, இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தவர். முதுகெலும்பில் அடிபட்டதால் நடனக்காரியாகும் கனவு போயிற்று. சினிமாச் சண்டை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இது தற்செயல் இல்லை. சினிமாச் சண்டையில் யாரும் யாரையும் நிஜமாக அடிப்பதில்லை. யார் எந்த எண்ணிக்கையில் குனிய வேண்டும், எப்போது காலைத் தூக்க வேண்டும் என்று ஸ்டண்ட் மாஸ்டர் முன்பே சொல்லித்தருவார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! தாளம் தவறினால் மூக்கு உடையும். ஆகவே தாளமும் சமநிலையும் உடம்பில் ஊறியவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும்.

சினிமாவுக்கு வெளியிலும் இப்படித்தான். கேரளத்தில் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா, களரிப்பயிற்று சொல்லித்தரும் குருக்கள். ஏழு வயதில் நடனம் நன்றாக வரட்டும் என்றுதான் அவரைக் களரிக்கு அனுப்பினார்கள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். எழுபது வயதைத் தாண்டியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாள் வீசியவர். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிலம்பத்திலும் முதல் பாடம் கம்பு அல்ல, காலடிதான். கால் சரியாக வந்தபின்தான் கையில் கம்பு தருவார்கள்.

தமிழில் உண்டா?

உண்டு! நாடியா படம் வந்த இரண்டே வருடத்தில், 1937-ல், 'மின்னல்கொடி' என்ற தமிழ்ப் படம் வந்தது. இயக்கியவர் கே. அமர்நாத், நடித்தவர் கே.டி. ருக்மணி. மோகினி என்ற பெண் மின்னல்கொடி என்ற பெயரில் கொள்ளைக்காரியாகி ஏழைகளுக்கு உதவும் கதை. அவளைப் பிடிக்க ஒரு போலீஸ் அதிகாரி அலைவார். உங்கள் கொள்ளுப் பாட்டிகள் சிறுமிகளாக இருந்தபோதே தமிழில் குதிரைக்காரக் கதாநாயகி இருந்திருக்கிறாள்! ஆனால் மின்னல்கொடிக்கு இரண்டாம் பாகம் வரவில்லை.

பிறகு 1990-ல் விஜயசாந்தி. 'கர்த்தவ்யம்' என்ற தெலுங்குப் படத்தில் போலீஸ் அதிகாரி வைஜயந்தியாக நடித்தார். அது தமிழில் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என்று வந்து இங்கேயும் சக்கைப்போடு போட்டது. அதற்காக விஜயசாந்திக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படத்துக்கு நேரடியான தொடர்ச்சி என்று ஒன்று இல்லை. ஆனால் 35 வருடங்கள் கழித்து, 2025-ல், விஜயசாந்தி மறுபடியும் வைஜயந்தி என்ற பெயரில் போலீஸ் அதிகாரியாக வந்தார். படத்தின் தலைப்பு என்ன தெரியுமா? 'அர்ஜுன், வைஜயந்தியின் மகன்'! கதாநாயகன் மகன்தான்.

1943-ல் மகள். 2025-ல் மகன். வருடக் கணக்கு மாறிப் போய்விட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்து, இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அதே 2025-ல் மலையாளத்தில் 'லோகா' வந்து பெரிய வெற்றி பெற்றது. கல்யாணி பிரியதர்ஷன் அதிசய சக்தி கொண்ட சந்திராவாக வருவார். இரண்டாம் அத்தியாயம் டொவினோ தாமஸ் நடிக்கும் சாத்தன் பாத்திரத்தைப் பற்றியது என்று அறிவித்தார்கள். அவர்கள் ஆரம்பத்திலேயே அத்தியாயத்துக்கு ஒருவர் என்று திட்டமிட்டவர்கள். ஆகவே அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சந்திரா எப்போது திரும்புவாள் என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலம்பம் பழகிவிட்டு வரும் பிள்ளைகள், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் மின்னல்கொடி கதையைச் சொன்னேன். "ரெண்டாவது பாகம் இல்லையா டீச்சர்?" என்றாள் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி. இல்லை என்றேன். "அப்ப நாம எடுப்போம்!" என்றாள்.

தலைப்பு உடனே முடிவாகிவிட்டது. 'மின்னல்கொடியின் மகள்'. ஆயுதம் சவுக்கா, சிலம்பமா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். கையில் இருப்பது சிலம்பம்தானே என்று அதையே வைத்துக்கொண்டார்கள். வில்லன் வேடத்துக்கு நான்கு பேர் கை தூக்கினார்கள். சண்டை வைகைக் கரையில் நடக்கும், பாலத்தின் மேல் ஒரு ரயிலும் போகும் என்றார்கள். ரயிலை எப்படி நிறுத்துவது என்று நான் கேட்டதற்கு, "நிக்க வேணாம் டீச்சர், ஓடட்டும்" என்று பதில் வந்தது.

அப்போது ஒரு பையன் எழுந்து, "கடைசி சண்டையில நான் அவளோட அண்ணனா வந்து காப்பாத்துறேன்" என்றான். ஏழாம் வகுப்புக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணன் எல்லாம் கதையில இல்லடா. வேணும்னா நீ குதிரையா வா!"

அவன் யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறான்.